ஒத்திகை இல்லாமல் ஓட்டாதே!

டிங்!

ஒரு போன் அல்ல. அந்த மீட்டிங் ஹாலில் இருந்த அத்தனை போன்களும் ஒரே மூச்சில்... டிங்!

முதலாளி பேச்சை நிறுத்தினார். அதற்காகவே அந்த போன்களுக்குக் கோயில் கட்டலாம் என்று பாதிப் பேருக்குத் தோன்றியது.

"சைலன்ட்ல போடுங்கன்னு சொன்னேன்ல? யாரு போன் அது?"

டிங்! டிங்! டிங்!

"உங்களுதும்தான் சார்" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

ரிசப்ஷன் பெண்தான் முதலில் போனை எடுத்துப் பார்த்தாள்.

அடுத்த நொடி... அலறினாள்!

"என்னம்மா? என்ன ஆச்சு?"

"சார்... வாண்டு... வாண்டு மெயில் போட்டிருக்கான் சார்!"

ஹால் உறைந்தது.

வாண்டு அந்த ஆபீஸின் பழைய புரோகிராமர். மெயில் போடுவதில் அவனுக்கு ஒரே ஒரு சிரமம்தான்.

அவன் செத்து இரண்டு வருஷம் ஆகிறது!

முதலாளி தன் போனைத் திறந்தார். அதிலும் வாண்டுதான். 'இந்த வரியில ஒரு அடைப்புக்குறி விட்டுப்போச்சு. நான் போட்டுட்டேன். கைம்மாறா ஒரு காபி வாங்கித் தரவும்.'

அடுத்த மெயில். 'இந்த புரோகிராமை எழுதினது யாரு? நல்லா இருக்கு. திட்டலாம்னு வந்தேன், ஏமாந்துட்டேன்.'

இன்னொன்று. 'மாமா, கண்ணு எரியுது. டீ குடிக்கப் போலாமா?'

அந்த மூன்றாவது மெயிலைப் படித்ததும் முன்வரிசையில் ஒருவர் கைக்குட்டையால் முகத்தைப் பொத்திக்கொண்டார். அவர்தான் மாமா. தலைமை புரோகிராமர். அந்த ஆபீஸில் எல்லாருக்கும் அவர் மாமா. முதலாளி அவரைவிட மூத்தவர். அவருக்கும் மாமா!

"செத்தவன் எப்படிய்யா டீ கேப்பான்?" முதலாளியின் குரல் கீச்சிட்டது. "எங்க அந்த ஸ்கிரிப்ட்காரி? கூப்பிடுங்க அவளை!"

அவள் வந்தாள்.

ஒட்ட வெட்டிய முடி. இடது கையில் லேப்டாப். முகத்தில் துளிப் பதற்றம் இல்லை.

"ஸாரி சார். என் தப்புதான்."

"எது உன் தப்பு? பேய் வந்ததா?"

"பேய் இல்ல சார், நோட்டிஃபிகேஷன். ஆஃப் பண்ண மறந்துட்டேன்."

கம்ப்யூட்டர் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர்களுக்காக இங்கே ஒரு நிமிஷம். இந்த ஆபீஸ்காரர்கள் லிஃப்டுகளை ஓட்டும் மென்பொருள் எழுதுகிறவர்கள். எழுதிய கட்டளை வரிகள், அதாவது கோடு, எல்லாம் ரெப்போ எனப்படும் தனித்தனி வீடுகளில், மூலையறையில் உறுமிக்கொண்டிருக்கும் ஒரு கிழட்டு சர்வரில் குடியிருந்தது. அதை மொத்தமாகக் காலி செய்து வெளியே ஒரு புது இடத்தில் குடிவைக்க வேண்டும். கையால் செய்தால் ஆயுசு போதாது. அதற்குத்தான் ஒப்பந்தத்தில் இவளைப் பிடித்துப் போட்டார்கள். இவள் எழுதிய ஸ்கிரிப்ட், அதாவது தானாக ஓடும் கட்டளைப் பட்டியல், ஒவ்வொரு வீடாகத் தட்டும். கோடு, அதன் பழைய வரலாறு, யார் யார் என்ன கமெண்ட் எழுதினார்கள் என ஒரு தூசு விடாமல் அள்ளும். புது இடத்தில் இறக்கும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துப் பச்சை விளக்கு காட்டும். அடுத்த வீடு!

வீடு மாற்றும்போதுதான் கட்டிலுக்கு அடியில் கிடந்ததெல்லாம் வெளியே வரும். பக்கத்து வீட்டில் லாரி வந்து நின்றால் நாம் ஏன் ஜன்னலில் தொங்குகிறோம்? அதற்குத்தானே!

"பழைய கமெண்டைப் புது இடத்துல பதியறப்போ, இப்பத்தான் எழுதினதா நினைச்சுக்கிட்டு அது எல்லாருக்கும் மெயில் தட்டிவிட்டுடுச்சு சார். எழுதினவர் பேர்லயே. இந்த வேலையில எல்லாரும் ஒரு தடவையாவது செய்யற தப்பு."

"ஒரு தடவைன்னா சரி" என்று முதலாளி நெற்றியைத் துடைத்தார். "லிஃப்ட் ரெப்போ போயாச்சா?"

"இல்ல சார். மத்தியானம்தான் அது."

அவள் லேப்டாப்பைச் சுவர்த் திரையில் இணைத்தாள். லிஃப்ட் ரெப்போவின் கிளைகள் வரிசையாக வந்தன. கிளை என்றால், மூலத்தைத் தொடாமல் ஒவ்வொருவரும் தனியே எழுதி வைத்துக்கொள்ளும் நகல். வாண்டுவின் பேரில் இருந்த கடைசிக் கிளைக்குப் பெயர் 'கதவு'.

"இதுல பூட்டுப் போட்ட ஃபைல் ஒண்ணு இருக்கு சார். பாஸ்வேர்டு இல்லாம திறக்காது. அதையும் கொண்டுபோகணுமா?"

சாய்ந்து உட்கார்ந்திருந்தவர்கள்கூட நிமிர்ந்தார்கள்.

கதவு!

இரண்டு வருஷத்துக்கு முன், ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில், கதவு மூடும் முன்பே ஒரு லிஃப்ட் கிளம்பியது. உள்ளே ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக இருந்த டீச்சர் ஒருவர்... வேண்டாம். கதவு மூடியிருக்கிறதா என்று பார்க்கும் நாலு வரிகளை யாரோ கோடிலிருந்து தூக்கியிருந்தார்கள். தூக்கியது யார் என்று பார்த்தால், வாண்டுவின் பெயர். மறுவாரம் இந்த ஆபீஸ் கட்டடத்தின் மொட்டை மாடியிலிருந்து விழுந்து வாண்டு தெருவில் கிடந்தான். மனசாட்சி உறுத்திக் குதித்துவிட்டான் என்று போலீஸ் ஃபைலை மூடியது. கதவுதான் மூடவில்லை, ஃபைலாவது மூடட்டுமே!

"அதெல்லாம் எதுக்கும்மா?" முதலாளி படபடத்தார். "வரலாறு, புவியியல் எல்லாம் வேணாம். இன்னிக்குத் தேதிக்கு ஓடற கோடு மட்டும் போதும். மிச்சத்தைத் தூக்கிக் குப்பையில போடு!"

"வேணாம் சார்" என்றார் மாமா, கரகரத்த குரலில். "பாவம் சின்னப் பையன். அவன் எழுதினது எல்லாம் பத்திரமா வரட்டும். அதாவது மிஞ்சட்டும்."

ஸ்கிரிப்ட்காரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சாப்பாடு முடிஞ்சதும் பழைய சர்வரை ஃப்ரீஸ் பண்ணிடுவேன். அதுக்கப்புறம் யாரும் எதையும் சேர்க்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது."

சொல்லிவிட்டு வெளியே வந்தாள். நேராக வாஷ்ரூம். கதவைத் தாழிட்டாள். குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள்...

அழுதாள்.

'டீ குடிக்கப் போலாமா?'

தம்பி அப்படித்தான் கேட்பான்.

ஆமாம். வாண்டு அவள் தம்பி! சாவுக்குக்கூட வந்து சேர முடியாத தூரத்தில் அப்போது அவள் இருந்தாள். அதனால் இங்கே யாருக்கும் அவள் முகம் தெரியாது. இந்த வேலை தானாக வந்ததல்ல. தேடித் தேடி, கெஞ்சி வாங்கியது.

அவன் அந்த நாலு வரியைத் தூக்கியிருக்க மாட்டான். அது அக்காவுக்குத் தெரியும். அந்த வாரம் போனில் சொன்னான், "அக்கா, ஆபீஸ்ல ஒருத்தரு பெரிய தப்பு பண்ணிட்டாரு. அவரே ஒத்துக்குவாரு பாரு. நல்ல மனுஷன்."

யார் என்று சொல்லவில்லை. சொல்ல நேரம் கொடுக்கப்படவில்லை.

செல் அதிர்ந்தது. அம்மா.

"சாப்பிட்டியாடி?"

"ம்... நீ?"

"இன்னிக்குக் கால் ரொம்ப வலிச்சுது. படி ஏற முடியல. சரின்னு லிஃப்டுல ஏறினேன்."

"ஏறினா என்ன? நம்ம அபார்ட்மென்ட் லிஃப்டுதானே? தம்பி ஆபீஸ் புரோகிராம்ல ஓடறதுதானே?"

"நான் ஏறினதும் மத்தவங்க எல்லாம் இறங்கிட்டாங்கடி." அம்மா சிரிக்க முயன்றாள். "ஒரு விதத்துல வசதிதான். காத்தோட்டமா இருந்துச்சு."

ஊர் வாய் இருக்கிறதே! நம்மைப் போன்றவர்களின் வாய்தான். 'அந்த லிஃப்டுக்காரன் அம்மா' என்று ஒருவர் ஆரம்பிக்க, மற்றவர் முடித்துவைக்க, ஒரு கிழவி இரண்டு வருஷமாகப் படியேறிக்கொண்டிருக்கிறாள்.

ஸ்கிரிப்ட்காரி முகத்தைத் துடைத்தாள். கண்ணாடியில் தெரிந்தவளிடம் சொன்னாள்.

"இன்னிக்கு ஒருத்தன் மாட்டுவான். விடாதே."

வெளியே வந்தபோது, காபியுடன் மாமா நின்றிருந்தார்.

"எடுத்துக்கம்மா. காலையிலேருந்து திட்டு வாங்கற."

"தேங்க்ஸ் மாமா."

அவர் நாற்காலியை இழுத்தார். உடனே உட்காரவில்லை. உள்ளங்கையால் ஒரு அழுத்து. நாற்காலி தாங்கியது. அப்புறம்தான் உட்கார்ந்தார். அது அவர் பழக்கம். கேஸ் அடுப்பை அணைத்துவிட்டு மறுபடி போய்ப் பார்ப்பவர் என்று அவர் மனைவியே ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாள். அவர் இருக்கைக்குப் பின்னால் சுவரில் கொட்டை எழுத்தில் ஒரு தாள்: 'ஒத்திகை இல்லாமல் ஓட்டாதே!'

டிரை ரன் என்பார்கள். ஒரு கட்டளையை நிஜமாக ஓட்டும் முன், 'ஓட்டினால் என்ன ஆகும்' என்று மட்டும் சொல்லச் சொல்லி ஒரு பொய் ஓட்டம். சர்வரைத் தொடும், ஆனால் எதையும் மாற்றாது. எல்லாரும் செய்ய வேண்டியது. அவசரத்தில் யாரும் செய்யாதது. மாமா மட்டும் தவறியதே இல்லை.

"உன் ஸ்கிரிப்டை ஒத்திகை பார்த்தியாம்மா?"

"பார்த்தேன் மாமா. நோட்டிஃபிகேஷன்தான் கண்ணுல படல."

"படிப்படியா வரும்." அவர் அவள் கையையே பார்த்தார். "இடது கைப் பழக்கமா?"

"ஆமா... ஏன்?"

"ஒண்ணுமில்ல. வாண்டுவும் இடது கைதான். காபியை இப்படியேதான் பிடிப்பான்." கண்கள் கலங்கின. "ஃப்ரீஸ் எப்போன்னு சொன்ன? சாப்பாட்டுக்கு அப்புறமா?"

"ஆமா மாமா."

நல்ல மனுஷன். தம்பி சொன்னது இவரைத்தானோ? இருக்காது. எல்லாருக்கும் மாமாவாக இருப்பவர் யாருக்கு எமனாக இருக்க முடியும்?

ஸ்கிரிப்ட்காரியின் சந்தேகமெல்லாம் முதலாளி மேல்தான் இருந்தது. அவள் வலை விரித்துவிட்டுக் காத்திருந்தாள். தன் இடத்தில் உட்கார்ந்து, பழைய சர்வரின் பதிவுகள் ஓடும் கறுப்புத் திரையைப் பார்த்தபடி, ஒரு வாய்கூடச் சாப்பிடாமல்.

எல்லாரும் சாப்பிட எழுந்து போனார்கள்.

ஆபீஸ் காலி.

திரையில் ஒரு வரி நகர்ந்தது.

அவள் நாற்காலியை முன்னால் இழுத்தாள்!

யாரோ சர்வருக்குள் நுழைந்திருக்கிறார்கள். லிஃப்ட் ரெப்போ. கிளை... 'கதவு'!

இன்னொரு வரி.

அழித்தாயிற்று!

யார்? கணக்கின் பெயரைப் பார்த்தாள்.

முதலாளி!

இரத்தம் தலைக்கு ஏறியது. மேஜையில் கேபிள் வெட்டும் கத்தரி கிடந்தது. அதை எடுத்துச் சட்டைக் கைக்குள் செருகிக்கொண்டாள். எதற்கு என்று அவளைக் கேட்டிருந்தால் அவளுக்கே தெரிந்திருக்காது.

சாப்பாடு முடித்து ஆட்கள் திரும்பும்வரை பல்லைக் கடித்தாள். எல்லாரும் வந்ததும் எழுந்து நின்றாள். நடு ஹாலில், சத்தமாகச் சொன்னாள்.

"யாரோ 'கதவு' கிளையை அழிச்சிருக்கீங்க. தெரியாம கை பட்டிருக்கும். பரவால்ல. காலையிலேயே ஒரு நகல் எடுத்து என் பென் டிரைவ்ல வெச்சுட்டேன். பூட்டை உடைக்கத் தெரிஞ்சவர் ஒருத்தர் சாயங்காலம் வர்றார்."

கழுத்தில் தொங்கிய பென் டிரைவைத் தூக்கிக் காட்டினாள்.

பிறகு நேராக முதலாளியின் கேபினுக்குள் நுழைந்தாள். கதவைச் சாத்தினாள்.

"சாப்பாட்டு நேரத்துல சர்வருக்குள்ள போனீங்களா சார்?"

"நானா?" முதலாளி பல் குத்திக்கொண்டிருந்தார். "நான் ஏம்மா அந்த ரூமுக்குப் போறேன்? அங்க ஏ.சி. ஜாஸ்தி."

"ரூமுக்கு இல்ல சார். லாகின் பண்ணி..."

"லாகினா? என் பாஸ்வேர்டு எனக்கே தெரியாது. மாமாவைத்தான் கேக்கணும்."

கத்தரியைப் பிடித்திருந்த விரல்கள் தளர்ந்தன.

"மாமாவையா?"

"அவர்தான் எனக்கு எல்லாம் போட்டுக் கொடுப்பார். என் பாஸ்வேர்டு, அவன் பாஸ்வேர்டு, இவன் பாஸ்வேர்டு... செத்துப்போன அந்தப் பையனோடதுகூட அவர்கிட்டதான் இருந்துச்சு. ஏம்மா, முகமெல்லாம் வெளுத்துப் போச்சே? சாப்பிட்டியா நீ?"

"சார், ஒரு கேள்வி. டிரை ரன்னா என்னன்னு தெரியுமா?"

முதலாளி யோசித்தார். ரொம்ப யோசித்தார்.

"மழை இல்லாதப்போ ஓடறதா?"

அவள் வெளியே ஓடினாள். தன் திரையில் அந்த இரண்டு வரிகளை மறுபடி பார்த்தாள். அவசரத்தில் சரியாகக் கவனிக்கவில்லை. இரண்டும் ஒரே கட்டளை! முதல் தடவை வந்தவர் கதவைத் தட்டி, தொட்டுப் பார்த்து, எதையும் மாற்றாமல் போயிருக்கிறார். இரண்டாவது தடவை வந்துதான் வெட்டியிருக்கிறார்.

ஒத்திகை. பிறகு ஓட்டம்!

யாருமில்லாத ஆபீஸில், திருட்டுத்தனமாக, அடுத்தவர் கணக்கில் நுழைந்து, பதறும் நேரத்தில்கூட ஒத்திகை பார்க்கிற ஒரே ஆள்...

ஜன்னலுக்கு வெளியே நீலமாக ஏதோ விழுந்தது.

டமார்!

கீழே தெருவிலிருந்து டெய்லர் கத்தினார். "எவன்டா அவன்? மறுபடியும் தண்ணி கேனைப் போடறது? என் போர்டுக்குத்தான் உங்க எல்லாருக்கும் கண்ணா?"

மறுபடியும்!

அவள் ஜன்னலுக்கு ஓடினாள்.

வேலைக்குச் சேர்ந்த அன்று அறுந்த பித்தானைத் தைக்கக் கொடுத்தபோது டெய்லர் சொன்ன பிலாக்கணம் நினைவுக்கு வந்தது. 'உங்க ஆபீஸ் பையன் மேலேருந்து விழுந்தானே... அதுக்கு முந்தின நாள் அதே இடத்துல ஒரு தண்ணி கேன் விழுந்துச்சும்மா. தண்ணி நிரம்பின கேன். என் போர்டு போச்சு. போலீஸ்ல சொன்னேன், கேனும் தற்கொலை பண்ணிக்கிச்சான்னு சிரிச்சாங்க.'

அவளும் அன்றைக்குச் சிரித்துவிட்டுத்தான் வந்தாள்.

தள்ளினால் எங்கே விழும்? சன்ஷேடில் இடிக்குமா? மரத்தில் மாட்டுமா? மரத்தில் மாட்டிப் பிழைத்துத் தொலைத்தால்?

ஒத்திகை இல்லாமல் ஓட்டாதே!

தம்பியின் கொலைக்கு ஒரு ஒத்திகை நடந்திருக்கிறது. இப்போது இன்னொரு ஒத்திகையும் முடிந்துவிட்டது. இந்தத் தடவை... யாருக்கு?

பதில் அவள் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் செல்லை எடுத்து ஒரு நம்பரைத் தட்டினாள். குரலைத் தாழ்த்திக் கொஞ்ச நேரம் பேசினாள். யாரிடம்? அவசரப்படாதீர்கள். எனக்குத் தெரிந்ததை உங்களிடம் சொல்லாமல் எங்கே போகப் போகிறேன்!

சாயங்கால வெயில் சாய்ந்துகொண்டிருந்தபோது தோளில் ஒரு கை விழுந்தது.

"தலை வலிக்குதாம்மா? வா, மொட்டை மாடில கொஞ்சம் காத்து வாங்கிட்டு வரலாம்."

மாமா!

"வரேன் மாமா" என்றாள், செல்லைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு.

மொட்டை மாடியில் பெரிய தண்ணீர்த் தொட்டி. பக்கத்தில் நீலக் கேன்கள் அடுக்கியிருந்தன. அடுக்கில் ஓர் இடம் காலி.

மாமா கைப்பிடிச் சுவரோரம் போய் நின்றார். கீழே எட்டிப் பார்த்தார்.

"இங்க வாம்மா. இங்கதான் காத்து."

"இங்கேயே நல்லாத்தான் இருக்கு மாமா."

"அக்காவுக்கு உயரம்னா பயமோ?"

அவள் திடுக்கிட்டாள்!

"இடது கை. அதே மூக்கு. அவன் மெயிலைப் பார்த்து ஊரே அலறுது, நீ மட்டும் அலறல." மாமா புன்னகைத்தார். இன்னும் அதே நல்ல மாமா புன்னகை. "உன்னைப் பத்தி நிறைய சொல்லுவான். பாசக்காரப் பய."

"அப்புறம் ஏன் கொன்னீங்க?"

"பாசக்காரனா இருந்தா போதுமா? பிடிவாதக்காரனாவும் இருந்தானே!" பெருமூச்சு விட்டார். "மறுநாள் அந்த அடுக்குமாடிக்குத் திறப்பு விழா. கதவு சென்சார் தகராறு பண்ணி லிஃப்ட் நின்னு நின்னு போகுது. ஒரு நாளைக்கு மட்டும்னு அந்த நாலு வரியை எடுத்தேன். அவன் சிஸ்டம் திறந்து கிடந்துச்சு, அதுலயே எடுத்தேன். திருப்பி வெக்க மறந்துட்டேன்மா. வாழ்க்கையில ஒத்திகை பார்க்காம செஞ்ச ஒரே வேலை அது!"

"அதுக்கு ஒரு டீச்சர் செத்தாங்க."

"தெரியாம நடந்தது."

"என் தம்பி? அதுவும் தெரியாமயா?"

மாமா ஓரடி நெருங்கினார்.

"அவன் என்கிட்ட வந்து, 'மாமா, நீங்களே சொல்லிடுங்க, நான் வெயிட் பண்றேன்'னான். இங்கதான் நின்னான், நீ நிக்கிற இடத்துலேருந்து ரெண்டடி தள்ளி. இருபது வருஷமா சேர்த்த பேரும்மா. மாமான்னு ஊரே கூப்பிடற பேரு. ஒரு பொடியன் சொல்றான்னு போட்டு உடைச்சுடுவேனா?"

"முந்தின நாள் கேனைப் போட்டு உடைச்சீங்களே."

மாமா ஒரு கணம் அசந்தார். பிறகு, தொழில்காரர் இன்னொரு தொழில்காரரைப் பார்க்கும் மரியாதையோடு தலையசைத்தார்.

"கெட்டிக்காரி. மத்தியானமும் பார்த்துட்டேன். நேரா விழுது. எங்கயும் இடிக்கல. பென் டிரைவைக் கொடுத்துடு. உனக்கும் மனசு சரியில்லன்னு எல்லாரும் நம்புவாங்க. தம்பி போன இடத்துலயே அக்காவும் போனா. கேக்கவே எவ்வளவு உருக்கமா இருக்கு!"

அவள் பென் டிரைவைக் கழட்டினாள். சுவரோரம் வந்து, அதை வெளிப்பக்கமாக நீட்டினாள்.

அவர் அதை வாங்கக் கை நீட்டி, சுவர்மேல் சாய்ந்த அந்தக் கணத்தில்...

அவள் அவர் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்தாள்! ஒரே சுழற்று! மாமாவின் இடுப்பு கைப்பிடிச் சுவரில் மோதியது. தலை வெளியே தொங்கியது. மூக்குக் கண்ணாடி கழன்று, காற்றில் நீந்தி, கீழே... கீழே... டெய்லர் மறுபடி கத்தும் சத்தம் கேட்டது.

"விடும்மா... விட்டுடு... ஐயோ, விட்டுடாதே!"

"ஏதாவது ஒண்ணு சொல்லுங்க மாமா!"

"விட்டுடாதே!"

"அவனும் அப்படித்தானே கத்தியிருப்பான்?" அவள் பற்கள் நறநறத்தன. "ரெண்டு வருஷமா எங்கம்மா படியேறிச் சாகறா. நீங்க எங்க வீட்டுக்கு வந்து அவ கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டு, அவ கையாலயே காபி வாங்கிக் குடிச்சுட்டுப் போனீங்க. உங்களைத் தள்ள எனக்கு ஒத்திகையே வேணாம்!"

"அந்த பென் டிரைவ்ல என்ன இருக்கு? உன் தம்பி என்ன எழுதி வெச்சான்? அதையாவது சொல்லிட்டு..."

அவள் சிரித்தாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

"ஒண்ணுமே இல்ல மாமா."

"என்னது?"

"காலி. 'கதவு'ன்னு ஒரு கிளையே அவன் வெக்கல. நேத்து நான் உண்டாக்கினேன். அவன் பேரு, பழைய தேதி, பூட்டின ஒரு வெறும் ஃபைல். என் ஸ்கிரிப்டுக்கு அது ஒரே ஒரு வரி. உங்களைப் பத்தி அவன் எங்கயும் எழுதல. யார்கிட்டயும் சொல்லல. உங்களைக் காட்டிக்கொடுக்க அவனுக்கு மனசு வரல!"

மாமாவின் வாய் திறந்தபடி நின்றது.

"அப்போ... அப்போ நான் எதை அழிச்சேன்?"

"உங்களைத்தான்!"

இன்னும் ஒரே ஒரு உந்தல். கீழே தெரு தயாராக இருந்தது.

"போதும்மா. சட்டை கிழிஞ்சிடும்."

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து, சூயிங்கம் மென்றபடி இன்ஸ்பெக்டர் வந்தார். கூடவே இரண்டு போலீஸ்காரர்கள். மத்தியானம் அவள் போன் பண்ணியது இவருக்குத்தான்.

"எனக்கு கம்ப்யூட்டர்ல ஒரு எழவும் தெரியாது" என்றார் மாமாவின் கையைப் பிடித்து இழுத்தபடி. "ரெப்போ, கிளைன்னு நீ போன்ல சொன்னப்போ கொட்டாவி வந்துச்சு. ஆனா கேன்னு சொன்ன பாரு, தூக்கிவாரிப் போட்டுச்சு! அந்த டெய்லர் புகாரைக் கேட்டுச் சிரிச்சவன் நான்தான்."

அவள் காலரை விட்டாள். விரல் விரலாக. ரொம்ப மெதுவாக.

மாமா தரையில் சரிந்தார். ஆனாலும் மூளை மாமா மூளையாயிற்றே!

"சார், இவ என்னைக் கொல்லப் பார்த்தா! நீங்களே பார்த்தீங்க! மிரட்டலுக்குப் பயந்து நான் என்னென்னவோ உளறினேன்!"

"நீங்க உளறினப்போ அந்தப் பொண்ணு உங்களைத் தொடவே இல்லியே மாமா? நான் காதால கேட்டேன், இவங்க ரெண்டு பேரும் கேட்டாங்க."

"நீங்க மூணு பேரு மட்டும் இல்ல சார்" என்றாள் அவள்.

சட்டைப் பையிலிருந்து செல்லை எடுத்தாள். பதிவு ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தினாள். இடது கைக் கட்டைவிரல் கொஞ்ச நேரம் திரையில் விளையாடியது.

"என்னம்மா பண்ற?"

"லிஃப்ட் ரெப்போ மட்டும் பாக்கி இருந்துச்சு சார். புது இடத்துக்குக் கொண்டுபோயிட்டேன். அந்த நாலு வரியை எடுத்தது யாருன்னு ஒரு கமெண்ட் சேர்க்க வேண்டியிருந்துச்சு. மாமா குரலையே போட்டுட்டேன். ஆபீஸ்காரங்க, லிஃப்ட் வாங்கினவங்க, எல்லாருக்கும் போகும்."

"நோட்டிஃபிகேஷன்..." மாமா முனகினார்.

"ஆன்லதான் இருக்கு மாமா. இந்தத் தடவை மறக்கல."

கீழ்த் தளத்திலிருந்து, திறந்த ஜன்னல்கள் வழியே, அது மேலே வந்தது.

டிங்! டிங்! டிங்! டிங்!

அப்புறம் ரிசப்ஷன் பெண்ணின் அலறல். அந்தப் பெண்ணுக்கு நல்ல தொண்டை!

அவர்கள் மாமாவை இறக்கிக் கொண்டுவந்தபோது ஆபீஸே வாசலில் நின்றது. மாமா என்று யாரும் கூப்பிடவில்லை. டெய்லர் மட்டும் உடைந்த போர்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இதையும் கேஸ்ல சேர்த்துக்குங்க சார்! ரெண்டு தடவை!" என்று பின்னாலேயே ஓடிவந்தார்.

ஸ்கிரிப்ட்காரியின் செல் அடித்தது. அம்மா.

"நம்ம அபார்ட்மென்ட் சங்கத்துக்கு ஏதோ மெயில் வந்துச்சுன்னு மேல் வீட்டுக்காரி ஓடிவந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழறாடி. என்னன்னே புரியல. லிஃப்டுல கூட்டிட்டுப் போறேன், கோயிலுக்கு வாங்கங்கறா. போகட்டுமா?"

"போம்மா" என்றாள் அவள்.

ஜீப்பின் பின்கதவு திறந்திருந்தது. மாமா அதன் படியருகே வந்து நின்றார். விலங்கு மாட்டிய கைகளோடு, பழக்கதோஷத்தில், ஒரு காலைத் தூக்கிப் படியை லேசாக அழுத்திப் பார்த்தார்.

இன்ஸ்பெக்டர் சூயிங்கத்தைத் துப்பினார்.

"ஒத்திகை எல்லாம் வேணாம் மாமா... நேரா உள்ள போயிடலாம்!"